அரெட்சோ சந்தையில் கிடைத்த பந்தய சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் உள்ள அரெட்சோ நகரத்துப் பழம்பொருள் சந்தையில், தேடிப் போகாமலே எனக்கு ஒரு பழைய பந்தய சைக்கிள் கிடைத்தது. அதைச் சென்னைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து நண்பர்கள் சிலரும், வெளிநாட்டுப் பயணத்தில் இதே போன்ற ஒன்றைக் கண்டுவிட்டுக் கடை வாசலில் நின்றபடியே தொலைபேசியில் அழைக்கும் தெரிந்தவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைப்பது எளிது என்று தோன்றியது.

அந்த சைக்கிள் எப்படிக் கண்ணில் பட்டது?

நானும் மனைவியும் அரெட்சோவுக்குப் போனது ஓவியம் பார்க்க. சான் ஃபிரான்செஸ்கோ தேவாலயத்தில் பியரோ தெல்லா ஃபிரான்செஸ்கா 15ஆம் நூற்றாண்டில் தீட்டிய சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு மாலை ரயிலில் ஃபுளோரன்ஸ் திரும்புவதாகத் திட்டம். அன்று மாதத்தின் முதல் ஞாயிறு என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. 1968 முதல் மாதந்தோறும் முதல் ஞாயிறும் அதற்கு முந்தைய சனியும் அந்நகரில் பழம்பொருள் சந்தை கூடுகிறது. சரிவாக அமைந்த பியாட்சா கிராண்டே சதுக்கத்தில் தொடங்கிச் சந்து சந்தாகக் கடைகள் விரிகின்றன. செம்புப் பாத்திரங்களுக்கும் ரசம் போன நிலைக்கண்ணாடிகளுக்கும் நடுவே, ஓர் அலமாரியின் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது அந்த சைக்கிள். செங்கல் நிறத்துக்கு வெளுத்துவிட்ட சிவப்புப் பூச்சு, வெடித்துப்போன டயர்கள், பெயர் என்று எதுவும் இல்லை. கடந்து போயிருப்பேன், பின்சக்கரத்தின் ஓரம் தொங்கிய, சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் டெரெய்லரில் கம்பக்னோலோ என்ற இத்தாலிய உதிரிபாக நிறுவனத்தின் பெயர் பொறித்திருந்தது கண்ணில் பட்டு நின்றுவிட்டேன்.

மனைவி கேட்டது ஒன்றுதான்: "இதை எப்படிங்க ஊருக்குக் கொண்டுபோவீங்க?" இந்தப் பக்கத்தில் பாதி அதற்கான விடை.

எதைப் பழைய பந்தய சைக்கிள் என்று கொள்ளலாம்?

இத்தாலியர்களே இதற்கு ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். அதே டஸ்கனியில், கயோலே இன் கியாந்தி என்ற சிற்றூரில் 1997இல் தொடங்கிய லெரோய்க்கா என்னும் சவாரி, பழைய பந்தய சைக்கிள்களுக்கு மட்டுமானது. 1987க்கு முன் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும்; கியர் நெம்புகோல் கீழ்க்குழாயில் (ஹேண்டில் பக்கமிருந்து பெடல் பக்கம் சாய்வாக இறங்கும் குழாயில்) இருக்க வேண்டும்; பிரேக் கம்பி ஹேண்டில்பாருக்கு மேலே வளைந்து வெளியே தெரிய வேண்டும்; பெடலில் கால்விரலைப் பிடிக்கும் கூண்டும் வாரும் இருக்க வேண்டும் என்பவை அதன் விதிகள்.

அந்த ஆண்டு ஏதோ வாய்க்கு வந்த எண் அன்று. 1984இல் லுக் நிறுவனம் காலணியைப் பெடலோடு கொக்கியில் மாட்டும் முறையைப் பந்தயச் சாலைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பெர்னார்டு இனோ அதை மிதித்து டூர் டி பிரான்ஸ் வென்றார். ஏறக்குறைய அதே காலத்தில் ஷிமானோ நிறுவனத்தின் கியர்கள் கிளிக் என்ற ஒலியோடு இடம் மாறத் தொடங்கின. 1990இல் கியர் நெம்புகோல் பிரேக் பிடிக்குள்ளேயே போய்விட்டது. எனவே கீழ்க்குழாயில் இரண்டு சிறு நெம்புகோல்களைக் கண்டால் நின்று பார்க்கலாம். அவை கிளிக் என்ற ஒலியின்றி வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் இன்னும் நெருங்கிப் பார்க்கலாம்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஃபிரேமை. பூச்சு, சீட், டயர், பளபளப்பு எல்லாம் பிறகு. உதிரிபாகத்தை இன்றில்லாவிட்டால் நாளை வாங்கிவிடலாம். முன்னால் மோதி மடிந்த குழாயை வாங்க முடியாது. முன்குழாயோடு மேல்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்திலிருந்து இரண்டு மூன்று விரற்கடை பின்னால், குழாயின் அடிப்பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டுங்கள். நேராக எதிலாவது மோதிய சைக்கிளுக்கு அந்த இடத்தில்தான் மெல்லிய புடைப்பு தோன்றும். கண் தவறவிடுவதை விரல் பிடித்துவிடும். அடுத்ததாக முன் ஃபோர்க்கின் இரு கால்களையும் பக்கவாட்டில் நின்று பார்த்து, வளைவு இரண்டுக்கும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பின்சக்கர அச்சு உட்காரும் காடிகளிலும், சீட் பில்லரை இறுக்கும் போல்ட்டைச் சுற்றியும் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பிறகு நூல் சோதனை. பின்பக்க வலது காடியில் ஒரு நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து இடது காடியில் இழுத்துக் கட்ட வேண்டும். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் சமமாக இருந்தால் ஃபிரேம் நேராக இருக்கிறது என்று பொருள். என் மனைவியின் கைப்பையில் தங்கும் விடுதியில் கொடுத்த தையல் பெட்டி இருந்தது. அந்த வெள்ளை நூலையும், அளவுகோலுக்குப் பதிலாக ரயில் டிக்கெட்டின் ஓரத்தையும் வைத்துக்கொண்டு நான் குனிந்து நிமிர்வதைக் கடைக்காரப் பெரியவர் நாற்காலியில் அமர்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அளந்து முடித்ததும் விலை குறையாது என்று எனக்கும், வாங்காமல் போகமாட்டான் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

சீட் பில்லரும் ஹேண்டில் தண்டும் அசைகின்றனவா என்பதையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். எஃகுக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு பல ஆண்டுகள் அசையாமல் இருந்தால் இரண்டும் அரித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரித்தெடுப்பதற்கு ஆகும் கூலி, சில வேளைகளில் சைக்கிளின் விலையைத் தொட்டுவிடும்.

புகழ்பெற்ற வீரர் ஓட்டியது என்று விற்பவர் சொன்னால் நம்பலாமா?

சந்தைக்கு வரும் ஒவ்வொரு பழைய சைக்கிளும் யாரோ ஒரு வீரர் ஓட்டியதுதான். எட்வார்டோ பியாங்கி 1885இல் மிலானில் தொடங்கிய நிறுவனத்தின் இளம்பச்சை கலந்த நீல நிறத்தை எந்தப் பட்டறையிலும் பூசிக்கொள்ளலாம். இன்னொரு இத்தாலியப் பட்டறையான கொல்னாகோவின் கிளாவர் சின்னத்தை ஒட்டுப்படமாக யாரும் அச்சடித்துக்கொள்ளலாம். பெல்ஜிய வீரர் எட்டி மெர்க்ஸ் 1972இல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தது கொல்னாகோ கட்டிய சைக்கிளில் என்பது உண்மை. அதனால் அந்தச் சின்னம் ஒட்டிய எல்லாம் அந்தப் பட்டறையில் பிறந்தவை என்று ஆகிவிடாது.

உண்மையான பழைய வண்டிகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ள விரும்புபவர்கள், கோமோ ஏரிக்கு மேலே மலையில் இருக்கும் மதோன்னா தெல் கிசல்லோ என்ற சிறு கோயிலுக்குப் போகலாம். அந்த மாதாவை 1949இல் போப் பன்னிரண்டாம் பயஸ் சைக்கிளோட்டிகளின் காவலராக அறிவித்தார். உள்ளே சுவர்களில் கோப்பி, பார்தாலி போன்ற இத்தாலிய வீரர்கள் ஓட்டிய சைக்கிள்கள் நேர்த்திக்கடன் போலத் தொங்குகின்றன. பக்கத்திலேயே அருங்காட்சியகமும் உண்டு.

பெயரே இல்லாத சைக்கிள் எந்த நாட்டில் கட்டப்பட்டது என்று எப்படி அறிவது?

ஒட்டுப்படம் பொய் சொல்லலாம். மரை பொய் சொல்லாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

கிராங்க் அச்சு சுழலும் குறுக்குக் கூட்டின் இரு பக்கமும் கப் என்று சொல்லப்படும் மூடிகள் மரையில் ஏறியிருக்கும். அந்த மரையின் அளவு நாட்டுக்கு நாடு வேறு. இத்தாலியக் கூட்டின் அகலம் 70 மி.மீ.; மரையின் விட்டம் 36 மி.மீ., அங்குலத்துக்கு 24 சுற்று. இரு பக்கமும் வழக்கமான வலது மரை. ஆங்கிலேயக் கூடு 68 மி.மீ. அகலம், விட்டம் 1.37 அங்குலம், அதே 24 சுற்று. ஆனால் சங்கிலி ஓடும் பக்கம் இடது மரை, அதாவது எதிர்த்திசையில் திருகினால் இறுகுவது. பிரெஞ்சுக் கூட்டுக்கு 35 மி.மீ. விட்டம், சுற்றுக்குச் சுற்று ஒரு மி.மீ. இடைவெளி, இரு பக்கமும் வலது மரை. சுவிட்சர்லாந்தினர் பிரெஞ்சு அளவை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு பக்கத்தை மட்டும் இடது மரையாக்கினார்கள்.

சந்தையில் கப்பைக் கழற்றிப் பார்க்க யாரும் விடமாட்டார்கள், தேவையும் இல்லை. கம்பக்னோலோ கப்பின் முகத்திலேயே அளவு பொறிக்கப்பட்டிருக்கும். நான் முழங்காலிட்டு, எச்சில் தொட்ட கைக்குட்டையால் கிரீஸ் காய்ந்த கருமையைத் துடைத்தபோது முதலில் ஒரு 3 தெரிந்தது, பிறகு 6, அதன் பிறகு 24. யார் கட்டியது என்று தெரியாவிட்டாலும் எந்த மண்ணில் கட்டியது என்பது அந்த நான்கு இலக்கங்களில் ஏறக்குறைய உறுதியானது. இத்தாலிய முறைக்கு ஒரு குறையும் உண்டு: சங்கிலிப் பக்கமும் வலது மரை என்பதால், சரியாக இறுக்காவிட்டால் மிதிக்க மிதிக்க அந்தக் கப் தளர்ந்துவிடும்.

பிரெஞ்சு சைக்கிளாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய பிரெஞ்சு வண்டிகளில் ஹேண்டில் தண்டின் விட்டம் 22 மி.மீ.; மற்றவர்களுடையது 22.2. அந்த இம்மி வேறுபாட்டால் புதுத் தண்டு உள்ளே போகாது.

எந்த ஆண்டு என்று கணிக்க முடியுமா?

ஏறக்குறைய முடியும். கம்பக்னோலோ ஹப்பின் லாக் நட்டில் நிறுவனப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளோடு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் இருக்கும். 1967இல் வந்த நுவோவோ ரெக்கார்டு டெரெய்லரில், 1970 வாக்கிலிருந்து பேட்டன்ட் என்ற சொல்லை அடுத்து ஆண்டு பொறிக்கப்பட்டது. என்னுடையதில் டெரெய்லர் 74 என்றது, பின்சக்கர லாக் நட் 73 என்றது. ஒரு வருட வித்தியாசம் இயல்புதான். பட்டறைக்காரர் அலமாரியில் இருந்ததை எடுத்து மாட்டியிருப்பார். பத்து வருட வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒன்று பின்னால் மாற்றப்பட்டது என்று கொள்ளுங்கள். பாகத்தின் ஆண்டு ஃபிரேமின் ஆண்டு ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

பின் காடிகளின் உள் இடைவெளியும் துணை செய்யும்: ஐந்து பல்சக்கரக் காலத்து ஃபிரேம் 120 மி.மீ., ஆறு ஏழு வந்தபோது 126, எட்டு வந்தபோது 130.

குழாயின் தரத்தை எப்படி அறிவது?

முதலில் கையால் தூக்கிப் பாருங்கள். நம் ஊர்ச் சாதாரண சைக்கிள் 20 கிலோவை ஒட்டி வரும்; 1970களின் நல்ல பந்தய சைக்கிள் சுமார் 10 கிலோ. மிலானைச் சேர்ந்த கொலம்பஸ் நிறுவனத்தின் எஸ்.எல். வகைக் குழாய், முனைகளில் 0.9 மி.மீ. தடிமனும் நடுவில் 0.6 மி.மீ. தடிமனும் கொண்டது; இதற்கு ஈடாக இங்கிலாந்தில் பர்மிங்காமின் ரேனால்ட்ஸ் 531 இருந்தது. நடுவில் அவ்வளவு மெலிதாக இருப்பதால் மேல்குழாயை நகத்தால் சுண்டினால் கணீரென்று கேட்கும். சீட் பில்லரின் அளவு இன்னும் நம்பகமான சாட்சி. எஸ்.எல். குழாய்க்கு வழக்கமாக 27.2 மி.மீ. பில்லர் பொருந்தும், மலிவான, தடித்த குழாயில் அந்த எண் குறைந்துகொண்டே போகும். பில்லரின் அடியில் அளவு பொறித்திருக்கும்.

உயரம் பொருந்தாவிட்டால் என்ன செய்வது?

வாங்காதீர்கள். சீட்டை ஏற்றி இறக்கிச் சரிசெய்துகொள்ளலாம் என்பது ஆசை பேசும் பேச்சு. மேல்குழாய்க்கு மேலே இரு கால்களையும் தரையில் ஊன்றி நிற்க முடிய வேண்டும். சீட்டிலிருந்து ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்கையில் தோள் இழுபடக் கூடாது. இத்தாலியர்கள் சீட் குழாயைக் கிராங்க் அச்சின் மையத்திலிருந்து மேல்குழாயின் மையம் வரை அளப்பார்கள். ஆங்கிலேயர்களில் பலர் குழாயின் உச்சி வரை அளப்பார்கள். எனவே விற்பவர் 54 செ.மீ. என்றால் எங்கிருந்து எங்கே என்று கேட்க வேண்டும்.

என்ன விலை கொடுக்கலாம்?

பெரியவர் 380 யூரோ சொன்னார், நான் 320 கொடுத்தேன். நல்ல பேரமா என்று இன்றுவரை யோசிக்கவில்லை. பெயர் பெற்ற பட்டறையின் ஃபிரேம், முதலில் வந்த பூச்சு, ஒரே காலத்துப் பாகங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் விலை பல மடங்கு ஏறும். என்னுடையதில் மூன்றாவது மட்டுமே இருந்தது.

டயரை என்ன செய்வது?

பழைய பந்தய சக்கரங்களில் இருப்பது பெரும்பாலும் டியூபுலர் என்னும் வகை. டியூபை உள்ளே வைத்து டயரைச் சுற்றித் தைத்து, ரிம்மில் பசை தடவி ஒட்டுவார்கள். பஞ்சரானால் தையலைப் பிரித்து ஒட்டி மறுபடி தைக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் 700 சி அளவில் சாதாரண டயர் ஏறும் ரிம் கொண்ட இன்னொரு ஜோடிச் சக்கரத்தைக் கோத்து வைத்துக்கொள்வது நல்லது. பிரேக் கட்டை எட்டுவதில் பெரும்பாலும் சிக்கல் வராது. வால்வு மெலிதாக இருக்கும், நம் ஊர்ப் பம்பு பிடிக்காது. அதற்கென்று விற்கும் சிறிய பித்தளை மூடியை வாங்கி வையுங்கள்.

விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது?

ஊரில் உள்ள ஏதாவது சைக்கிள் கடையில் கேட்டால் புது சைக்கிள் வந்த அட்டைப் பெட்டியைப் பெரும்பாலும் இலவசமாகவே தருவார்கள். சக்கரங்களைக் கழற்றுவது நொடி வேலை. அச்சில் உள்ள குயிக் ரிலீஸ் நெம்புகோலைப் பரவலாக்கியவர் டுல்லியோ கம்பக்னோலோ, அந்த உபகாரத்தை நாம் இன்றும் அனுபவிக்கிறோம். பெடலைக் கழற்றும்போது இடப்பக்கத்துப் பெடல் இடது மரை என்பதை நினைவில் வையுங்கள். எதிர்த்திசையில் பலம் கொண்டு திருகினால் கிராங்கின் மரை போய்விடும். டெரெய்லரைக் கழற்றித் துணியில் சுற்றி ஃபிரேமுக்குள் கட்டுங்கள். டயர் ஒட்டும் பசை தீப்பற்றக்கூடியது என்பதால் அதை எந்தப் பையிலும் வைக்கக் கூடாது.

நான் செய்த தவறைச் சொல்கிறேன். சக்கரம் கழற்றிய ஃபோர்க்குக்கும் பின் காடிகளுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். முன்பக்கம் கொடுத்தேன், பின்பக்கம் மறந்துவிட்டேன். வழியில் எங்கோ பெட்டி மேல் பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். வீட்டில் பிரித்து அளந்தபோது 120 மி.மீ. இடைவெளி 115 ஆக நெருங்கியிருந்தது. எஃகு என்பதால் தப்பித்தது. இதுவே கார்பன் ஃபிரேமாக இருந்திருந்தால் குப்பைக்குப் போயிருக்கும். அதே நூலைக் கட்டிப் பார்த்துப் பார்த்து, இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துச் சமம் செய்தோம்.

பல விமான நிறுவனங்களில் பொதுவான எடை வரம்பு 23 கிலோ. எடையில் சைக்கிள் பெட்டி அடங்கிவிடும், அளவில் அடங்காது. ஆகவே முன்கூட்டியே விளையாட்டுச் சாதனமாகப் பதிவு செய்யுங்கள். முகப்பில் போய் நின்றுகொண்டு பேசினால் கட்டணமும் கூடும், இரத்த அழுத்தமும் கூடும்.

என்ன ஆவணங்கள் வேண்டும்?

விற்றவர் கையொப்பமிட்ட ரசீது: தேதி, விலை, ஃபிரேமில் எண் இருந்தால் அந்த எண். சந்தைக் கடையில் தாளில் எழுதித் தந்தாலும் போதும். திருட்டு வண்டி இல்லை என்பதற்கும், சுங்கத்தில் மதிப்பைக் காட்டுவதற்கும் அதுவே ஆதாரம். இத்தாலியச் சட்டம் 75 ஆண்டுகளைத் தாண்டிய ஊர்திகளைப் பண்பாட்டுச் சொத்துகளின் வரிசையில் வைத்திருப்பதால், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சைக்கிள் ஏதும் சிக்கினால் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டுமா என்று முதலில் விசாரியுங்கள். நம் நாட்டில் பயணிகளுக்கான தீர்வையில்லா வரம்பு அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் பார்த்துக்கொண்டு, வரம்பு மீறினால் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய் அறிவித்துவிடுங்கள்.

புதுப் பூச்சு அடிக்கலாமா?

வேண்டாம். துரு பிடித்த இடத்தை மட்டும் சுத்தம் செய்து மெழுகு தடவினால் போதும்.

இங்கே பழுதுபார்க்க ஆள் கிடைக்கிறார்களா, ஓட்ட முடிகிறதா?

கிராங்கின் முன்பல்சக்கரங்கள் 52, 42. அந்தக் கிராங்கில் 41க்குக் குறைவான பல் பொருந்தாது. பின்னால் பெரியது 24. மலைச்சாலைக்கு இது கொடுமை. கிழக்குக் கடற்கரைச் சாலையின் சமதரைக்குத் தாராளம். உப்புக் காற்றுதான் பகை, ஓட்டி வந்தவுடன் துடைத்தாக வேண்டும்.

பழுதுக்கு எங்கள் தெருமுனைக் கடைக்காரரிடமே கொடுத்தேன். நாற்பது ஆண்டுகளாக ஓவராயில் செய்துவரும் கை அது. பின்னால் பல்சக்கரங்களைத் தாங்கும் ரெஜினா ஃப்ரீவீலைக் கழற்ற இரண்டு பல் கொண்ட தனிக் கழற்றி வேண்டும், அவரிடம் இல்லை. பழைய ஸ்பானர் ஒன்றை அரத்தால் ராவி அன்று மாலையே செய்துவிட்டார். கப்பின் மரையைப் பார்த்து, "சார், இது நம்ம ஊர் கப்பு இல்ல, இத நான் தொடமாட்டேன்" என்று பால்ரஸ் குண்டுகளை மட்டும் மாற்றி, கிரீஸ் வைத்து மூடினார். கியர் நெம்புகோலையும் ஒட்டுப் பசை காய்ந்த ரிம்மையும் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார். பின்சக்கர ஹப்பின் நடுவில், எண்ணெய்த் துளையை மூடியிருக்கும் சிறு தகடு ஒன்று உண்டு. நான் சொல்லாமலே கட்டை விரல் நகத்தால் அதைத் தள்ளி, இரண்டு சொட்டு விட்டு, சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டார்.

"இது மட்டும் நம்ம வண்டி மாதிரியேதான் இருக்கு சார்."